பட்டை பன்னில் க்ரீம் இல்லாத வெள்ளிக்கிழமை

உணவு ஆலோசகர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் சிலர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்கிறீர்கள். "எந்தப் பொருளில் எவ்வளவு சத்து என்று புத்தகம் பார்க்காமல் சொல்கிறீர்களே மேடம், எப்படி?" முப்பத்தோரு வருடம் அதையே பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்கும் மனப்பாடம் ஆகிவிடும். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. மனப்பாடமாகத் தெரிந்த ஓர் எண்ணை வைத்துக்கொண்டு ஒரு பெண்ணின் உயிருக்கு உலை வைக்கப் பார்த்தவள் நான். ஓய்வு பெறுவதற்கு மூன்று வருடம் முன்பு நடந்தது அது. அனுபவம் இல்லாததால் நடந்த தவறு என்று சொல்லித் தப்பிக்கவும் எனக்கு வழியில்லை.

நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளி. பெயர் வேண்டாம். இரண்டாயிரத்துக்கு மேல் பிள்ளைகள் தங்கிப் படித்தார்கள். சாயங்காலச் சிற்றுண்டிக்குச் சுண்டல், அவித்த முட்டை, வாழைப்பழம் என்று நான் போட்ட பட்டியல்தான் பல வருடமாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வருடம் பெற்றோர் கூட்டத்தில், "பக்கத்துப் பள்ளிக்கூடத்துல பீட்சா குடுக்கறாங்களாமுங்க, இங்க எப்பப் பாத்தாலும் சுண்டலுங்களா?" என்று யாரோ கேட்டுவிட்டார்கள். முதல்வருக்கு அது உறுத்திவிட்டது. அடுத்த வாரமே ஊரில் உள்ள ஒரு பேக்கரியோடு பேசி, வெள்ளிக்கிழமை தோறும் சினமன் பன் என்று முடிவு செய்துவிட்டார்.

பட்டைத் தூளும் வெல்லச் சர்க்கரையும் வைத்துச் சுருட்டிச் சுட்ட பன். அதன் மேல் வெண்ணெயும் பொடித்த சர்க்கரையும் சேர்த்து அடித்த வெள்ளை க்ரீமை மூன்று கோடாக இழுத்திருப்பார்கள். பிள்ளைகள் முதல் நாளே அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள்: பட்டை பன். உள்ளேயும் பட்டை, மேலே நெற்றியில் திருநீறு பூசியது போல அங்கேயும் பட்டை.

எனக்கு அந்தப் பன்னைக் கண்டாலே ஆகாது. பேக்கரிக்கே போய், செய்முறையை வாங்கி, மாவையும் க்ரீமையும் தனித்தனியாக எடை போட்டுக் கணக்கெடுத்தேன். பன் எழுபது கிராம், மேலே க்ரீம் முப்பது கிராம். மொத்த மாவுச்சத்து அறுபது கிராம், அதாவது ஐந்து இட்லிக்குச் சமம். அதில் பாதிக்கு மேல் வெறும் சர்க்கரை, கிட்டத்தட்ட ஏழு டீஸ்பூன். புரதம் ஒரு முட்டையில் இருக்கும் அளவுகூட இல்லை. இதை எழுதிக் கொண்டுபோய் முதல்வரிடம் கொடுத்தேன்.

அவர் படித்துவிட்டு, "பட்டை ஒடம்புக்கு நல்லதுதானுங்களே மேடம்? சுகரைக்கூடக் குறைக்குமாமா" என்றார்.

"ஒரு சிட்டிகைப் பட்டை இருக்குதுங்க சார். ஏழு ஸ்பூன் சக்கரைய அது என்ன பண்ணும்?"

"வாரத்துக்கு ஒரு நாளுங்க. விடுங்க."

விட்டேன். ஆனால் மனதுக்குள் விடவில்லை. க்ரீமையாவது ஒழிக்க வேண்டும் என்று, பேக்கரிக்காரரைப் பார்க்கும்போதெல்லாம் சொல்லிக்கொண்டே இருந்தேன். இந்தப் பிடிவாதம் பின்னால் என் கண்ணை எப்படி மறைத்தது என்பதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும்.

அந்தப் பள்ளியில் பிளஸ் ஒன் படித்த ஒரு பெண்ணுக்குச் சிறுவயதிலிருந்தே சர்க்கரை நோய். இன்சுலின் ஊசி இல்லாமல் ஒரு வேளைகூட இருக்க முடியாத வகை. கௌசல்யா என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊர் ஜலகண்டாபுரம். அப்பா ஒரு தறிப்பட்டறையில் வேலை செய்தார். அவளைச் சேர்த்துக்கொள்ளவே முதல்வர் தயங்கினார். பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணைப் பார்த்துத்தான் சரி என்றார். "பிரச்சினை ஏதாச்சும் வந்தா ஊட்டுக்கு அனுப்பிருவோமுங்க" என்று அப்பாவிடம் அப்போதே சொல்லிவிட்டார். அந்த வார்த்தையை அவளும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள்.

அவளுடைய மருத்துவர் சேலத்தில் இருந்தார். சாப்பாட்டில் பத்து கிராம் மாவுச்சத்துக்கு ஒரு யூனிட் இன்சுலின் என்று கணக்குக் கொடுத்திருந்தார். எதைச் சாப்பிட்டால் எத்தனை யூனிட் என்பதை அவளும் நர்ஸும் பார்த்துக்கொள்வதற்காக நான் ஒரு அட்டவணை தயாரித்து மருத்துவ அறைச் சுவரில் ஒட்டினேன். சுண்டல் ஒரு கிண்ணம், இத்தனை கிராம். வாழைப்பழம் ஒன்று, இத்தனை. பட்டை பன் ஒன்று, அறுபது. ஐந்து மாதம் அந்த அட்டவணை ஒரு பிசகும் இல்லாமல் வேலை செய்தது. பார்க்க வருகிறவர்களிடம் எல்லாம் அதைக் காட்டுவேன்.

மாசி கடைசி. வெயில் அந்த வருடம் முன்னாலேயே ஏறிவிட்டது. வெள்ளிக்கிழமை மதியம் இரண்டரை மணி இருக்கும். பேக்கரிக்காரர் போன் செய்தார்.

"மேடம், ஒரு சின்ன விசயமுங்க. க்ரீம் நிக்கவே மாட்டேங்குது. வண்டியில ஏத்துனா உருகி ஓடீருதுங்க. பிள்ளைங்களுக்கு இன்னைக்கு மேல ஒண்ணும் போடாம வெறும் பன்னா அனுப்பட்டுங்களா? ஆபீசுக்கு மட்டும் க்ரீம் போட்டு ஒரு பொட்டி தனியா வெச்சிருக்கேனுங்க."

எனக்கு வந்த சந்தோஷத்தை என்ன சொல்ல. "தாராளமா அனுப்புங்க. இனிமேப்பட்டு எப்பவும் இப்படியே அனுப்பீருங்க" என்றேன். போனை வைத்துவிட்டு ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில், இன்றிலிருந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் ஐந்து டீஸ்பூன் சர்க்கரை மிச்சம் என்று எழுதிப் போட்டேன். நாலைந்து பேர் கைதட்டினார்கள்.

இரண்டாயிரம் பிள்ளைகளுக்கு அது நல்ல செய்தி. ஒருத்திக்கு மட்டும் இல்லை. அந்த ஒருத்தி அப்போது என் நினைவில் இல்லை.

ஐந்து மணிக்கு மேல் வேலை முடிந்து கிளம்பினேன். மருத்துவ அறை வழியாகத்தான் வாசலுக்குப் போக வேண்டும். அறையில் யாரும் இல்லை. விளையாட்டில் கால் பிசகிய ஒரு பையனை நர்ஸ் மருத்துவமனைக்குக் கூட்டிப் போயிருந்தார். மேசை மேல் பதிவேடு திறந்தபடி இருந்தது. வழக்கம்போல் எட்டிப் பார்த்தேன். கடைசி வரி: கௌசல்யா, 3.45, பட்டை பன், 6 யூனிட்.

ஆறு.

க்ரீம் இல்லாத பன்னில் முப்பத்தாறு கிராம்தான் மாவுச்சத்து. மூன்றரை யூனிட் போட வேண்டிய இடத்தில் ஆறு போட்டிருக்கிறாள். ரத்தத்தில் இருக்கும் சர்க்கரை அபாயமான அளவுக்கு இறங்கிவிடும். கணக்குப் போட எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. அதைத்தானே இருபத்தெட்டு வருடமாகச் செய்துகொண்டிருந்தேன்? மணி ஐந்து பத்து. ஊசி போட்டு ஒன்றரை மணி நேரம் ஆகப் போகிறது. அந்த மருந்து உடம்பில் முழு வேகத்தில் வேலை செய்கிற நேரம்.

குளுக்கோஸ் வைக்கும் அலமாரி பூட்டியிருந்தது. சாவி நர்ஸிடம். கௌசல்யா எங்கே என்று விடுதிக் காப்பாளருக்குப் போன் செய்தேன்.

"பிளஸ் ஒன்னுக்கெல்லாம் நாலரையில இருந்து திருப்புதல் தேர்வுங்க மேடம். ஆறரைக்குத்தான் வெளிய வருவாங்க."

"எந்த ரூம்?"

"அது கலைச்சுப் போட்டு உக்கார வெச்சிருப்பாங்களே. எக்ஸாம் இன்சார்ஜுக்குத்தான் தெரியும். அவரு போன ஆப் பண்ணி வெச்சிருப்பாருங்க."

எதிர்க் கட்டடத்தில் மூன்று மாடி, பதினான்கு அறை. போகிற வழியில் ஆசிரியர்கள் தேநீர் போடும் மேசையில் இருந்த சர்க்கரை டப்பாவையும் ஒரு தண்ணீர்ப் பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டேன். எனக்கு அப்போது ஐம்பத்தைந்து வயது. படியில் ஓடியது எனக்கு நினைவில்லை. மறுநாள் முழங்கால் வலித்தபோதுதான் ஓடியிருக்கிறேன் என்று தெரிந்தது.

மேல் மாடி நடையில் சுவரோரம் பைகளாகக் குவிந்து கிடந்தன. தேர்வு அறைக்குள் பை கொண்டுபோகக் கூடாது, தின்பண்டம் எதுவும் கூடாது. அவளுடைய குளுக்கோஸ் பொட்டலமும் சர்க்கரை பார்க்கும் கருவியும் அந்தக் குவியலில் எங்கோ ஒரு பைக்குள் இருந்தன. அவளுக்கு விலக்குக் கேட்டு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை.

முதல் அறையில் அவள் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவது அறையில் ஒரு ஆசிரியை கதவை மறித்து, "எக்ஸாம் நடக்குதுங்க மேடம்" என்றார். அவர் தோளுக்கு மேலாகத் தலைகளை எண்ணிப் பார்த்துவிட்டு ஓடினேன். ஏழாவது அறையில், ஜன்னலோரக் கடைசி பெஞ்சில், மேசை மேல் தலை வைத்துப் படுத்திருந்தாள்.

கண்காணிப்பில் இருந்த இயற்பியல் ஆசிரியர், "பத்து நிமிசமாத் தூங்கீட்டு இருக்குதுங்க. ரெண்டு தடவை எழுப்புனேன்" என்றார்.

போய் முகத்தைத் தூக்கினேன். நெற்றி, கழுத்து, சட்டை எல்லாம் நனைந்திருந்தது. உடம்பு சில்லிட்டிருந்தது. விடைத்தாளில் முதல் பக்கத்தில் முத்து முத்தான கையெழுத்து. இரண்டாம் பக்கத்தில் வரி கீழே சரிந்து சரிந்து, கடைசியில் பேனா ஒரு கோடாக ஓடித் தாளின் விளிம்போடு நின்றிருந்தது.

"கௌசல்யா. கண்ணைத் தொற. எம்பேரு என்ன சொல்லு."

கண் திறந்தது. என்னைப் பார்க்கவில்லை. உதடு அசைந்தது.

அதற்குள் யாரோ சொல்லி, விடுதிக் காப்பாளர் மூச்சிரைக்க ஓடி வந்தார். கையில் முதல்வர் அறைக்கு வந்த பெட்டி. க்ரீம் வழிய வழிய ஒரு பன்னை எடுத்து, "இதைக் குடுங்க மேடம். இதுலதான் சக்கரை எக்கச்சக்கமா இருக்குதே, நீங்கதானே சொல்லுவீங்க" என்று அவள் வாயருகே கொண்டுபோனார்.

"வேண்டாம்!" என்று அவர் கையைத் தட்டிவிட்டேன். பன் கீழே விழுந்தது. நாற்பது பிள்ளைகளும் பேனாவை வைத்துவிட்டுப் பார்த்தார்கள்.

ஏன் தட்டினேன் என்று அவருக்கு அப்புறம்தான் விளக்க முடிந்தது. சர்க்கரை நிறைய இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அது வெண்ணெயோடு கலந்த சர்க்கரை. கொழுப்பு வயிற்றில் இறங்கும் வேகத்தைக் குறைத்துவிடும். ரத்தத்துக்குப் போய்ச் சேர நேரமாகும். எங்களுக்கு நேரம்தான் இல்லை. தவிர, பாதி மயக்கத்தில் இருக்கிறவளால் அதை மெல்ல முடியாது; தொண்டையில் அடைத்துக்கொள்ளும். சத்துக் கணக்கில் சரியாக இருக்கிற பொருள் அந்த நிமிடத்துக்குத் தவறான பொருளாக இருக்கலாம். தாளில் எழுதும் எண் இதைச் சொல்லாது.

இயற்பியல் ஆசிரியரிடம் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்யச் சொல்லிவிட்டு, பாட்டில் தண்ணீரில் பாதியைக் கொட்டி, சர்க்கரையை அள்ளிப் போட்டுக் குலுக்கினேன். அடுத்து எடுக்க வேண்டிய முடிவுதான் கஷ்டமானது. நினைவு முழுதும் தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. நுரையீரலுக்குள் போனால் அதுவே கொன்றுவிடும். ஆனால் கொடுக்காமல் காத்திருந்தால், ஆம்புலன்ஸ் வருவதற்குள் இருக்கிற நினைவும் போய்விடும். இவள் இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?

விரலை நனைத்து உதட்டில் தடவினேன். நாக்கு வெளியே வந்து நக்கியது.

"முழுங்கு சாமி. முழுங்கிக் காட்டு."

தொண்டை ஏறி இறங்கியது. போதும். நிமிர்த்தி உட்கார வைத்து, பாட்டில் மூடியில் ஊற்றி ஒரு மடக்குக் கொடுத்தேன். விழுங்கினாள். இன்னொரு மடக்கு. ஒவ்வொன்றுக்கும் "முழுங்கு சாமி, முழுங்கு" என்று சொல்லி, தொண்டையைப் பார்த்து, அப்புறம்தான் அடுத்தது. அவளுடைய தோழி ஒருத்தி தானாகவே எழுந்து ஓடி, பைக்குவியலிலிருந்து அவள் பையைத் தேடி எடுத்து வந்தாள். கருவியில் பார்த்தபோது முப்பத்தெட்டு காட்டியது; எழுபதுக்குக் கீழே இறங்கவே கூடாது. சர்க்கரைத் தண்ணீர் உள்ளே போன பிறகும் முப்பத்தெட்டு.

கால் மணி நேரம் கழித்து ஐம்பத்தேழு. இன்னும் கொஞ்சம் சர்க்கரைத் தண்ணீர். அதற்கடுத்த கால் மணியில் எண்பத்தொன்பது. அப்போது அவள் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்து, "மேடம், இன்னும் ரெண்டு கேள்வி பாக்கி இருக்குதுங்க" என்றாள். நான் அழுதுவிட்டேன். அவள் ஏன் என்று தெரியாமல் விழித்தாள்.

ஆம்புலன்ஸில் வந்தவர்கள் சோதித்துவிட்டு, மருத்துவமனையில் காட்டி, ஏழு மணிக்கெல்லாம் அவளைத் திருப்பி அனுப்பினார்கள். நான் அவளுடைய சேலத்து மருத்துவருக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். பன்னுக்கு அறுபது கிராம் என்று நான் சரியாகத்தான் கணக்குப் போட்டிருந்தேன், அளந்து பார்த்தே போட்டேன் என்று அவரிடம் ஏதோ வாதாடிக்கொண்டிருந்தேன். அவர் கடைசிவரை கேட்டுவிட்டு, "சரிம்மா. இன்னைக்கு வந்த பன்ல எவ்வளவு இருந்துச்சு?" என்றார்.

மறுநாள் சனிக்கிழமை காலையில் நடந்ததைத்தான் நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சீக்கிரமே பள்ளிக்குப் போய்விட்டேன். மருத்துவ அறையில் கௌசல்யா கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். சுவரில் என் அட்டவணை. "பட்டை பன் – 1 – 60 கிராம்". அதற்குப் பக்கத்தில் இடம் இருந்தது. "க்ரீமுடன்" என்று ஒரே ஒரு சொல் சேர்த்தால் போதும். அட்டவணை சரி என்றாகிவிடும். பார்க்காமல் போட்டது பெண்ணும் நர்ஸும் என்றாகிவிடும். அட்டவணை என் கையெழுத்துத்தான். மையும் அதே நிறம்தான். பேனா மூடியைக் கழற்றிவிட்டேன்.

"மேடம்."

முழித்துக்கொண்டு படுத்திருந்தாள்.

"நான் தப்பாப் போட்டுட்டனுங்களா மேடம்? அப்பா போன்ல ரொம்பப் பேசிட்டாருங்க. இன்னைக்கு வந்து கூட்டீட்டுப் போறாராமா."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இப்பப் பேசாதே, தூங்கு" என்று சொன்னேன். பேனாவை மூடிக்கொண்டு வெளியே வந்தேன். எழுதவில்லை என்பது மட்டும்தான் அன்று காலை நான் செய்த நல்ல காரியம். அவளுக்குப் பதில் சொல்லும் தைரியம் அப்போதும் இல்லை.

முதல்வர் அறைக்குக் கூப்பிட்டார். அப்பா வந்து வெளியே உட்கார்ந்திருந்தார். "மேடம், அட்டவணையில நீங்க போட்டது சரியான கணக்குத்தானுங்களே?" என்றார் முதல்வர்.

"கணக்கு சரிதானுங்க சார், ஆனா..."

"அப்பறம் என்னங்க. பேக்கரிய இழுத்தா பேப்பர்ல வரும். நம்ம பேரு வரும். பொண்ணு தவறுதலா ஊசி அதிகமாப் போட்டுக்கிச்சு. அவங்கப்பா எழுதிக் குடுத்துட்டுக் கூட்டீட்டுப் போகட்டும். காப்பாளர் என்னடான்னா பட்டைதான் சுகரை எறக்கீருச்சுன்னு சொல்லீட்டுத் திரியறாரு. அதுகூட நல்லாத்தான் இருக்குது."

தட்டச்சு செய்த கடிதம் மேசை மேல் இருந்தது. அப்பாவை உள்ளே கூப்பிட்டார்கள். நாற்பது வயதுதான் இருக்கும். வெள்ளைச் சட்டையைப் புதிதாக எடுத்து மாட்டி வந்திருந்தார், மடிப்புக் கலையவில்லை. உட்காரச் சொன்னபோதும் உட்காரவில்லை. கடிதத்தைப் படிக்காமலே பேனாவை வாங்கினார்.

"எங்கீங்க போடோணும்?"

முதல்வர் இடத்தைக் காட்டினார். அவர் குனிந்தார்.

"போடாதீங்க" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலிருந்தது. "அந்தப் புள்ள சரியாத்தான் போட்டுச்சுங்க. அட்டவணையில இருந்தபடிதான் போட்டுச்சு. க்ரீம் இல்லாத பன் வருதுன்னு மதியமே எனக்குப் போன் வந்துச்சு. நாந்தான் சரின்னு சொன்னேன். அவகிட்டயும் நர்ஸ்கிட்டயும் சொல்ல மறந்துட்டேன். தப்பு என்னோடதுங்க."

முதல்வர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. அப்பா நிமிர்ந்தார். திட்டுவார், கத்துவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அப்ப என்ற புள்ள ஒண்ணும் பண்ணலீங்களா?"

"இல்லீங்க."

பேனாவை மேசையில் வைத்தார். "நேத்து போன்ல அவள வாய்க்கு வந்தபடி பேசிப்போட்டனுங்க. படிச்சது போதும், ஊட்டுக்கு வான்னு சொல்லிப்போட்டேன். நான் சொன்னா இப்ப நம்ப மாட்டா. நீங்க வந்து சொல்லுங்க. என்ற முன்னால சொல்லுங்க."

மூவரும் போனோம். முதல்வரும் எழுந்து வந்ததை இன்றுவரை நான் மதிக்கிறேன். கட்டிலருகே நின்று அவளிடம் அதே வார்த்தைகளைச் சொன்னேன். அவள் அப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மெதுவாகச் சொன்னாள்:

"க்ரீம் இல்லைன்னு நான் பாத்தனுங்க மேடம். இன்னும் ஒரு பன் கேக்கலாம்னுகூட நெனச்சேன். ஆனா அட்டவணைய ஒட்டுன அன்னைக்கு, இதுல இருக்கறத மட்டும் பாரு, நீயா ஒண்ணும் கணக்குப் போடாதேன்னு சொன்னீங்க. அதான் பேசாமச் சாப்புட்டுட்டுப் போயிட்டேன்."

சொல்லியிருந்தேன். நன்றாக நினைவிருக்கிறது. அது அவளுக்குப் பாதுகாப்பு என்று நினைத்துத்தான் சொன்னேன். எல்லோரும் பார்க்கிற இடத்தில் பன் இருந்தது. அதைப் பார்த்துச் சரியாகப் புரிந்துகொண்டவள் அந்தப் பள்ளியில் அவள் ஒருத்திதான். அவள் வாயைத்தான் நான் அடைத்து வைத்திருந்தேன்.

அவளை வீட்டுக்கு அனுப்பவில்லை. சேலத்து மருத்துவர் கடிதம் எழுதினார். தேர்வு அறைக்குள் அவள் குளுக்கோஸையும் கருவியையும் வைத்துக்கொள்ள அனுமதி வாங்கினோம். எனக்கு எழுத்து மூலம் விளக்கம் கேட்டார்கள், கொடுத்தேன். அந்தக் கல்வியாண்டு முடியும் வரை என் பட்டியல் ஒவ்வொன்றையும் வெளியாள் ஒருவர் சரிபார்த்துக் கையெழுத்திட்ட பிறகே சமையலறைக்குப் போயிற்று. என்னைவிட இருபது வயது சின்னவர் அவர். வாரம் ஒரு முறை அவர் முன்னால் உட்கார்வது கசப்பாகத்தான் இருந்தது. என் பட்டியலில் இரண்டு தவறுகள் கண்டும் பிடித்தார்.

பழைய அட்டவணையைக் கிழித்துவிட்டுப் புதிதாக ஒன்று எழுதினேன். அதில் பொருளின் பெயருக்குப் பக்கத்தில் எடைக்கும் ஒரு கட்டம். மருத்துவ அறையில் ஒரு சின்னத் தராசு வைத்தேன். கையில் வந்ததை முதலில் பார், எடை போடு, அப்புறம் ஊசி. மாறியிருந்தால் என்னைக் கேள்; நான் இல்லை என்றால் நீயே கணக்குப் போடு. கணக்குப் போடும் விதத்தை இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். ஆனால் பட்டை பன்னை அவள் தொடவே இல்லை. வெள்ளிக்கிழமை வந்தால், "எனக்குச் சுண்டலே குடுத்துருங்க" என்று வாங்கிக்கொண்டு போய்விடுவாள். பேக்கரிக்காரர் க்ரீமைத் தனியாகக் கொண்டுவந்து பள்ளியிலேயே போட்டுக் கொடுக்க ஆரம்பித்திருந்தார்; மற்ற பிள்ளைகள் அதை விரலில் எடுத்து நக்கிக்கொண்டிருப்பார்கள். அவள் ஓரமாக உட்கார்ந்து சுண்டல் சாப்பிடுவாள். ஒரு பண்டத்தில் உள்ள சத்து எவ்வளவு என்று எழுதுகிற நமக்கு, அதில் ஒரு குழந்தையின் சந்தோஷம் எவ்வளவு என்று எழுதக் கட்டம் கிடையாது. அந்தச் சந்தோஷத்தை எடுத்தது நான். பயத்தைக் கொடுத்ததும் நான்.

கோடை விடுமுறை முடிந்து பிளஸ் டூ வகுப்புகள் தொடங்கின. முதல் வெள்ளிக்கிழமை, சிற்றுண்டி மணி அடித்ததும் அவள் ஒரு தட்டோடு என் அறைக்கு வந்தாள். தட்டில் பட்டை பன். பேக்கரிக்காரர் புது வருடம் என்று க்ரீமைத் தாராளமாக அள்ளி வைத்திருந்தார்.

"மேடம், நீங்க போட்டது தப்புங்க" என்றாள்.

"எது?"

"க்ரீமோட சேத்து அறுபதுன்னு எழுதியிருக்கீங்க. இன்னைக்கு இது நூத்திப் பதினஞ்சு கிராம் இருக்குது. பன்னு எப்பவும் போல எழுபதுன்னா க்ரீம் நாப்பத்தஞ்சு. மாவுச்சத்து எழுபத்திரண்டு வருதுங்க."

தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். இரண்டாவது முறையும் போட்டேன். அவள் நின்றுகொண்டே காத்திருந்தாள்.

எழுபத்திரண்டுதான். அறுபதை அடித்துவிட்டு அன்றைய தேதிக்கு அவள் எண்ணை எழுதினேன். அவள் ஏழு யூனிட் போட்டுக்கொண்டாள். ஊசி வேலை செய்யத் தொடங்கும் வரை கால் மணி நேரம் என் எதிரிலேயே உட்கார்ந்திருந்துவிட்டு, பன்னைக் கையில் எடுத்து, க்ரீமிலிருந்து தின்ன ஆரம்பித்தாள்.